தவளை தடுத்த அடி

“தடுக்கிறீங்களா சார், விட்டுடுறீங்களா?” என்று கேட்டார் வெள்ளைக் கோட்டுக்காரர்.

“விட்டுடுறேன் சார், விட்டுடுறேன்” என்றார் கடிகாரம் பழுதுபார்ப்பவர். இரண்டு தரம் சொன்னால் மரியாதை கூடும் என்பது அவர் நினைப்பு.

ஓநாய்ச் சீட்டு அவரை அடித்தது. இருபது உயிரில் மூன்று போனது. அப்பாடா என்றிருந்தது அவருக்கு.

அவருடைய கடைவாய்ப் பல் பத்து நாளாக அவரைப் படாத பாடு படுத்திக்கொண்டிருந்தது. இதே பல் கிளினிக்குக்கு இரண்டு தடவை வந்து, பல் பிடுங்கும் குறடு நினைவுக்கு வந்து கால் உதறி, வாசலோடு ஓடிப்போனவர். இந்தத் தடவை மனைவி அவரைக் கடையிலிருந்து கையோடு இழுத்து வந்து விட்டுவிட்டு, “அந்தப் பல்லோட வீட்டுப் பக்கம் வந்துடாதீங்க” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். வேலையிலிருந்து அப்படியே வந்ததால் நெற்றியில் பூதக்கண்ணாடியும், சட்டைப் பையில் மூன்று இடுக்கிகளும் இருந்தன.

அறைக்குள் வெள்ளைக் கோட்டு போட்டவர் ஒருவர், மேசையில் கிடந்த சீட்டுக்கட்டுகளை வெறித்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தார். இவரைக் கண்டதும் விருட்டென்று எழுந்து நின்றார். கோட்டின் கையெல்லாம் வெள்ளைத் தூள். எத்தனை பல்லைக் குடைந்தாரோ என்று இவர் கணக்குப் போட்டார். எதையாவது சொல்லி நேரத்தைக் கடத்த வேண்டும்.

“ஒரு ஆட்டம் போடலாமா சார்?”

“உங்க இஷ்டம் சார்” என்றார் அவர், பல்லைக் கடித்துக்கொண்டு.

இவருடைய மகள் சொல்லிக்கொடுத்த ஆட்டம்தான். ஆளுக்கு இருபது உயிர்; மிருகச் சீட்டுகளை அனுப்பி எதிராளியின் உயிரையெல்லாம் காலி செய்கிறவர் ஜெயிப்பார். அடிக்க அனுப்பும் சீட்டைப் பக்கவாட்டில் திருப்ப வேண்டும். எதிராளி, திரும்பாமல் நிமிர்ந்து நிற்கிற தன் சீட்டு ஒன்றை முன்னால் தள்ளித் தடுக்கலாம். தடுக்காவிட்டால் அடி நேரே அவர் உயிரில் விழும். தடுத்தால் இரண்டு சீட்டும் ஒரே நேரத்தில் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும்.

சீட்டைக் கலைக்கும்போதுதான் இவருக்கு உறைத்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் குறடு பிடிக்கப் போகிற கை அது. அந்தக் கையை ஜெயித்துக் கடுப்பேற்றினால் பல்லோடு தாடையும் வந்துவிடும். எப்பாடு பட்டாவது தோற்றே ஆக வேண்டும்.

அதனால்தான் ஓநாயை விட்டார். ஆனால் வெள்ளைக் கோட்டுக்காரர் முகம் வாடியது.

“எனக்காக விட்டுக்குடுக்காதீங்க சார்” என்றார்.

கண்டுபிடித்துவிட்டார்! இனி பார்ப்பதற்கு நிஜம் போலத் தோற்க வேண்டும். இரண்டு சுற்று கழித்து ஒன்பது பலமுள்ள மதயானை அடிக்க வந்தபோது, இவர் தன்னிடமிருந்ததிலேயே நோஞ்சானான ஒரு தவளையைத் தேடிப் பிடித்து முன்னால் தள்ளினார்.

“தடுக்கிறேன் சார்! என்னால முடிஞ்சது இவ்வளவுதான்.”

தவளை செத்தது. ஆனால் யானையின் அடி மொத்தமும் தவளையோடு போய்விட்டதால் இவர் உயிரில் ஒரு கீறல்கூட இல்லை. அது போதாதென்று வெள்ளைக் கோட்டுக்காரர் தவளைச் சீட்டின் கீழ்ப்பக்கம் இருந்த பொடி எழுத்தைப் படித்தார்.

“விஷத் தவளை. இதுகிட்ட அடி வாங்கினது எதுவா இருந்தாலும் சாகும்.”

யானையும் செத்தது.

“ஐயையோ, நான் படிக்கவே இல்ல சார்! அவ்வளவு பொடி எழுத்து எனக்குத் தெரியாது!”

வெள்ளைக் கோட்டுக்காரர் இவர் நெற்றியில் இருந்த பூதக்கண்ணாடியை ஒரு தரம் பார்த்தார். பிறகு கன்னத்தில் கையை வைத்துக்கொண்டார். ஆழ்ந்து யோசிக்கிறார் என்று இவருக்குத் தோன்றியது. எந்தப் பக்கமாக இழுக்கலாம் என்றுதான் யோசிப்பார்.

ஒரே வழிதான் இருந்தது. அடிக்கப் போன சீட்டு எதிராளியின் முறையில் தடுக்க முடியாது. எல்லாரையும் அனுப்பிவிட்டால் இவர் நிராயுதபாணி. எட்டு பலமுள்ள எருமையையும், மற்ற மூன்று சில்லறைகளையும் சேர்த்துத் திருப்பினார். மொத்தம் பன்னிரண்டு அடி.

“தடுங்க சார்.”

“தடுக்கல சார்.”

“மூணு பேர் நிமிர்ந்து நிக்கிறாங்களே! அவங்க என்ன வேடிக்கை பார்க்கவா வந்தாங்க?”

“நீங்க வர்ற வழியில நான் எதுக்கு சார் குறுக்க நிக்கணும்?” அவர் நெற்றியில் வியர்வை பொடித்திருந்தது.

இவ்வளவு பணிவாகப் பேசுகிறவர் உள்ளுக்குள் எவ்வளவு கொதிக்கிறாரோ! வெள்ளைக் கோட்டுக்காரரின் உயிர் எட்டாகச் சரிந்தது. இருந்தாலும் இனி அவர் முறை, இந்தப் பக்கம் தடுக்க நாதியில்லை.

“அடிங்க சார்” என்று இவர் கண்ணை மூடிக்கொண்டார்.

“நான் அடிக்கல சார்.”

“தயவு பண்ணி அடிங்க சார். பிள்ளைகுட்டிக்காரன் கேட்கிறேன்.”

“என்னால ஆகாது சார். நானும் பிள்ளைகுட்டிக்காரன்தான்.”

முறை இவருக்கே திரும்பி வந்தது. இவரும் கையைக் கட்டிக்கொண்டு, “அப்போ நானும் அடிக்கல” என்றார்.

வெள்ளைக் கோட்டுக்காரர் விரலால் எருமையைக் காட்டினார். “அது ஒவ்வொரு முறையும் அடிச்சே ஆகணும்னு போட்டிருக்கு சார். சட்டம்.”

“அப்போ நீங்க தடுங்க. காலைப் பிடிச்சுக் கேட்கிறேன்.”

“மாட்டேன் சார்.”

எருமை போனது. எட்டு அடி, எட்டு உயிர். ஆட்டம் முடிந்தது. ஜெயித்த மனிதர் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார். பத்து நாள் வலியே தேவலை என்று மனதார நினைத்தார்.

“கோபம் ஒண்ணும் இல்லையே சார்?” என்று மெல்லக் கேட்டார்.

“எனக்கென்ன சார் கோபம்? உங்களுக்குத் திருப்திதானே?” என்றார் அவர், அதைவிட மெல்ல.

கதவு திறந்தது. கையில் துடைப்பத்தோடு கிளினிக்கைப் பெருக்குகிற அம்மா எட்டிப் பார்த்தார்.

“டாக்டர் இப்பதான் வண்டியை விட்டு இறங்குறாரு. கடிகாரக்கார அண்ணே, பேக்கரி அண்ணே, உங்க ரெண்டு பேர்ல யாருக்கு முதல்ல பல்லைப் பிடுங்கணும்?”