ஏழாவது கிட்டார்க் கழுத்து

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்ததற்குப் பிறகு நடந்த ஒரே உருப்படியான காரியம், காப்பீட்டு அலுவலகத் துணை மேலாளர் ஒருவர் தன் வீட்டுப் பின்னறையில் சி.என்.சி. ரூட்டரை நிறுவியதுதான். கணினி சொல்கிற கோட்டில் மரத்தைச் செதுக்கும் இயந்திரம் அது. இதில் இரண்டாம் கருத்துக்கு இடமில்லை. இருந்த ஒரே இரண்டாம் கருத்து மனைவியுடையது. அது 'பரிசீலனையில்' வைக்கப்பட்டது.

வரலாறு சுருக்கமானது. மகளின் கிட்டாரில் ஒரு தந்தி லேசாக இரைந்தது. கழுத்து கொஞ்சம் வளைந்திருந்தது. பழுது பார்ப்பவர், "அரை மணி நேர வேலை சார், நாளைக்கு வாங்கிக்குங்க" என்றார்.

துணை மேலாளருக்குச் சுருக்கென்றது. அரை மணி நேரத்தில் முடிகிற வேலையில் தரம் எங்கிருந்து வரும்?

"அப்பாவே புதுக் கழுத்து செஞ்சு தரேன். மில்லிமீட்டர்ல பத்துல ஒரு பங்குகூடப் பிசகாது."

"நாலு மாசத்துல ஸ்கூல்ல கச்சேரி இருக்குப்பா. முதல் தடவையா நான் மட்டும் வாசிக்கப்போறேன்."

"நாலு மாசம் எதுக்கு? நாலே வாரம்!"

அன்றே, மகள் பயிற்சி செய்யும் அந்தப் பின்னறை 'உற்பத்திப் பிரிவு' ஆனது. அளவெடுப்பதற்காகப் பழைய கழுத்து ரம்பத்தால் அறுத்தெடுக்கப்பட்டது. மகள் அழுதாள். வளர்ச்சிப் பணிகளில் இது சகஜம்.

சுவரில் சிவப்பு எழுத்தில் ஓர் அறிவிப்பு ஏறியது: 'இயந்திரம் ஓடும்போது அதைத் தனியாக விடக்கூடாது.' நியாயமான விதிதான். மரத்தூளில் பொறி விழுந்தால் வீடே போய்விடும். அவர் அதை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தார். சனி, ஞாயிறு முழுக்கக் கண்ணாடி, முகமூடி, காதடைப்பான் சகிதம் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். சாப்பாடு அங்கேயே போனது. பேச்சு மட்டும் போய்ச் சேரவில்லை, காதடைப்பான் தரமானது.

முதல் முயற்சியில் அவர் கொடுத்த உயரக் கணக்கு ஒரு விரல் கனம் தவறிவிட, இயந்திரம் கட்டையைத் தாண்டி மேசையையும் செதுக்கியது. மேசைக்கு மிக அழகான வளைவு வந்தது. இரண்டாவதில், கட்டையைப் பிடித்திருந்த திருகையே வெட்டப்போய் வெட்டுமுனை முறிந்தது. மூன்றாவது கட்டையை டேப் போட்டு ஒட்டினார். அது பாதியில் கிளம்பிப் போய்விட்டது. ஞாயிறுதோறும் ஆய்வுக் கூட்டம் நடந்தது.

"பேசாம அந்தக் கடைக்காரர்கிட்டயே குடுத்துடலாமே" என்றாள் மனைவி.

"அது கொள்கை முடிவு. மாத்த முடியாது."

"பழகறதுக்கு என்கிட்ட கிட்டாரே இல்லியேப்பா" என்றாள் மகள்.

"நோட் பண்ணிக்கிட்டேன்."

கச்சேரி நாளும் வந்தது. ஏழாவது கழுத்து இயந்திரத்தில் இருந்தது. தோழியிடம் இரவல் வாங்கிய கிட்டாரோடு மகள் வாசலில் நின்றாள்.

"கிளம்பலாமாப்பா? ஆறு மணிக்கு என் பாட்டு."

"கடைசிச் சுத்து ஓடுதும்மா. இன்னும் மூணு மணி நேரம். நடுவுல நிறுத்தினா கோடு விழுந்துடும்."

"அது பாட்டுக்கு ஓடட்டும். நாம போயிட்டு வந்துடலாம்."

அவர் காதடைப்பானைக் கழற்றினார். விவரம் தெரியாத பிள்ளையிடம் பொறுமையாகத்தானே சொல்ல வேண்டும்? சுவரைக் காட்டினார்.

"தனியா விடக்கூடாதும்மா."

மகள் அறிவிப்பை முழுக்கப் படித்தாள். மேசையிலிருந்த பென்சிலை எடுத்து அதன் கீழே ஏதோ எழுதினாள். பிறகு அம்மாவோடு போய்விட்டாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பார்வை வெட்டுமுனையில் இருந்தது.

ஏழாவது கழுத்து அற்புதமாக வந்தது. பத்தில் ஒரு பங்குகூடப் பிசகவில்லை. தடவிப் பார்த்தபோது அவருக்குப் பெருமையில் கண் கலங்கியது. உடனே யாரிடமாவது காட்ட வேண்டும் போலிருந்தது. "இங்க வாங்களேன்!" என்று இரண்டு முறை கூப்பிட்டார். அப்புறம்தான் வீட்டில் யாரும் இல்லாதது நினைவுக்கு வந்தது.

விளக்கை அணைக்கப் போனவர் சுவரைப் பார்த்தார். சிவப்பு எழுத்து விதிக்குக் கீழே, பென்சிலில் ஒரு துணை விதி சேர்க்கப்பட்டிருந்தது:

'மகள் வாசிக்கும்போது அவளைத் தனியாக விடலாம்.'