திருவக்கரை வரிசையில் ஒரு நாவல்

அன்பு மச்சான் சீனுவாசனுக்கு,

திண்டிவனத்திலிருந்து பெரியதம்பி எழுதிக்கொள்வது. நானும் உன் அக்காவும் நலம். எங்கள் மூட்டுவலி எங்களைவிட நலம். விழுப்புரத்தில் குழந்தைகளின் சுகத்துக்கு எழுது.

நிற்க. உன் பள்ளி நூலகத்துக்கு நான் தேர்ந்தெடுத்து அனுப்பிய நாவல்களை, "பத்தாவது பிள்ளைங்களை அழவெக்கிற புக்கு வேணாம் மாமா, பெத்தவங்க சண்டைக்கு வந்துடுவாங்க" என்று திங்கட்கிழமை திருப்பி அனுப்பப்போவதாகப் போனில் சொன்னாய். அனுப்பாதே. புத்தகக் கட்டைப் பிரித்து அலமாரியில் அடுக்கு. ஏன் என்று ஓர் உதாரணத்தோடு சொல்கிறேன்.

எதிர்வீட்டு ஜெகதீசனை உனக்குத் தெரியும், மல்லாட்டை மண்டி வைத்துக் கடலை வியாபாரம் செய்பவன், என் பழைய மாணவன். அவன் மகள் அஸ்வினியும் பத்தாவதுதான். பள்ளி வாசலில் ஐஸ் விற்கும் அப்பாவைத் தோழிகள் முன்னால் "யாருன்னே தெரியாது" என்று சொல்லிவிடும் ஒரு பெண்ணின் கதையை அவளுக்குக் கொடுத்திருந்தேன். மறுநாளே அவள் புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு தேம்ப, சோறும் இறங்காமல் போக, அவள் அம்மா ராஜாமணி காத்துக் கருப்போ என்று பயந்துவிட, ஜெகதீசன் என் வாசலில் வந்து நின்று, "இன்னா புக்கு சார் குடுத்தீங்க? பொண்ணு பேஜாராயி கெடக்குது. பௌர்ணமிக்குத் திருவக்கரை போறோம், நீங்களும் வந்து ஆத்தா எதிர்ல பதில் சொல்லுங்க" என்று என்னையும் வேனில் ஏற்றிவிட்டான்.

கோயில் வரிசை நகரவே இல்லை. சாட்சிக்காகப் புத்தகத்தைக் கையில் வைத்திருந்த ஜெகதீசன், "அப்படி இன்னாதான் எழுதிக்கீறான்?" என்று பிரித்தான். முதலில் உதட்டைப் பிதுக்கினான். பிறகு எலுமிச்சம்பழத்தை என்னிடம் பிடிக்கக் கொடுத்தான். வரிசை நகர்ந்தபோது அவன் நகரவில்லை. திடீரென்று தோள் குலுங்க, "பெத்த அப்பனை யாருன்னு தெரியாதுன்னுட்டியேடி!" என்று அலறினானே பார்க்கலாம், "ஆத்தா வந்துட்டா, வழி விடுங்க" என்று பின்னாலிருந்து ஒரு குரல், யாரோ வேப்பிலையைத் திணிக்க, யாரோ நெற்றி நிறையக் குங்குமம் அப்ப, நான் "புத்தகம்மா, புத்தகம்!" என்று கத்தியது பம்பைச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. கோலியனூரிலிருந்து வந்திருந்த சின்னபொண்ணு என்ற பெண் அவன் காலிலேயே விழுந்துவிட்டாள்.

"என்னைத்தான் சொல்றியா தாயே? இஷ்டப்பட்டுக் கல்யாணம் பண்ணிக்கினதுலேர்ந்து எங்கப்பாகூட பேசறதே இல்ல."

ஜெகதீசன் மூக்கைச் சிந்திக்கொண்டே, "ஐஸு உருகுதும்மா, ஜல்தி பேசு" என்றான்.

அவள் அங்கேயே போன் போட்டாள். "அப்பா... நான்தாம்பா... சாப்ட்டியா?" வரிசையே எட்டிப் பார்த்தது. அந்தப் பக்கம் என்ன சொன்னாரோ, அவள் சிரித்துக்கொண்டே அழுதாள்.

வேனில் திரும்பும்போது ஜெகதீசன் கடைசிப் பக்கத்தை முடித்துவிட்டு, "இதே மாதிரி வேற புக்கு கீதா சார்?" என்று கேட்டான். வாய்வழியாக வந்த ஒரு வரியே இவ்வளவு செய்தால், முழுக் கதை உன் பிள்ளைகளுக்கு என்னதான் செய்யாது மச்சான்? அழுத பிள்ளை கெட்டுப்போவதில்லை. அடுத்தவர் வலி தனக்கும் வலிக்கும் என்று தெரிந்துகொள்கிறது. அஸ்வினியே அத்தாட்சி.

உன் வீட்டில் எல்லோருக்கும் எங்கள் ஆசி நிறையட்டும்.

வெற்றிக் களிப்புடன்,
பெரியதம்பி

பி.கு.: கடித உறையை ஒட்டும் நேரத்தில் அஸ்வினி வந்தாள். "சார், நான் அந்த புக்கைப் படிக்கவே இல்ல. அப்பா போனைப் புடுங்கி வெச்சிக்கினாரு, அதான் அழுதேன். மூஞ்சி தெரியக்கூடாதுன்னு புக்கை வெச்சி மறைச்சிக்கினேன்" என்றாள். நான் பசையைக் கீழே வைத்தேன். "இப்ப படிக்கலாம்னு கேட்டா அப்பா தர மாட்டேங்கறாரு சார், ரெண்டாந்தரம் படிச்சிக்கினு கீறாரு. இன்னொரு காப்பி இருந்தா குடுங்க" என்றாள். உன்னிடம் உள்ள புத்தகக் கட்டுக்குள் அதே நாவலின் இன்னொரு பிரதி இருக்கிறது. அதை உடனே திருப்பி அனுப்பு.