நுண்கலைக் கழகத்தின் சரித்திரப் புருஷர்

சரித்திரப் புருஷர் என்று ஓர் இனம் உண்டு. கலை வளர்க்கும் இடங்களில்தான் இது நன்றாகக் கொழுக்கும். ஆனால் கலை அதற்கு ஆகாரம் அல்ல; நாற்காலிதான் ஆகாரம்.

எங்கள் தேசிய நுண்கலைக் கழகத்தில் ஒருவர் இருக்கிறார். நீங்கள் படியேறி மூச்சு வாங்குவதற்குள் வந்து முழங்கையைப் பிடித்துக்கொள்வார். "நான் வந்தப்போ இங்க ஒண்ணுமே இல்ல, தெரியுமா?" என்பார். தெரியாது என்றால் மாட்டிக்கொண்டீர்கள். தெரியும் என்றாலும் மாட்டிக்கொண்டீர்கள். கட்டடம் கிடைத்தது, கட்டடத்துக்கு வெள்ளையடித்தது, தலைவர் மாறியது, மாறிய தலைவருக்காக மறுபடி வெள்ளையடித்தது, நடு நாற்காலியில் யார் உட்காருவது என்ற தகராறில் ஆண்டுவிழாவே நின்றுபோனது, பிறகு இவர் தலையிட்டு இரண்டு நடு நாற்காலி போட்டுச் சமாதானம் செய்தது என்று விடாமல் சொல்லிக்கொண்டே போவார். அதில் ஓர் ஓவியம் வருகிறதா? ஒரு சிற்பம்? "ஓவியர்கள், சிற்பிகள் மற்றும் பலர்" என்று ஒரே மூச்சில் வருவார்கள். அதுவும் குரூப் போட்டோவின் பின்வரிசையை விளக்கும்போது.

கண்காட்சிக்கு முதல் ஆளாக வருவார். படம் பார்க்க மாட்டார். ரிப்பன் எந்தப் பக்கம், போட்டோகிராபர் எந்தப் பக்கம், விருந்தினரின் தோளுக்கும் தூணுக்கும் நடுவே ஒரு முகம் நுழைய இடம் இருக்கிறதா, இவற்றைத்தான் பார்ப்பார். வீட்டிலும் இதே கூத்துதான். அவருடைய மனைவி ஒருமுறை என்னிடம் அலுத்துக்கொண்டார்: "எங்க கல்யாண போட்டோவைக் காட்டி, 'இதுல நடுவுல நிக்கிறது நான்தான்'னு எனக்கே சொல்றாருங்க."

கழகத்துக்குப் பொன்விழா வந்தது. கேட்க வேண்டுமா? கழகத்தின் வரலாற்றுக்கென்று ஒரு கூடம் வேண்டும் என்று செயற்குழுவைத் துளைத்தெடுத்துச் சம்மதம் வாங்கிவிட்டார். நல்ல காரியம்தானே என்கிறீர்களா? பொறுங்கள். அவர் கண் போய் விழுந்தது சிற்ப அறையின் மேல். வடக்கே பார்த்த பெரிய ஜன்னல், நாள் முழுக்கக் கண் கூசாத வெளிச்சம்; அந்தக் கட்டடத்திலேயே சிலை செய்யத் தோதான இடம் அது ஒன்றுதான். அங்கே ஒரு சிற்பி அம்மாள் களிமண்ணில் ஆளுயரச் சிலை ஒன்றைச் செய்துகொண்டிருந்தார். குனிந்து தரை துடைக்கும் ஒரு பெண். பல மாத உழைப்பு. மண் காய்ந்துவிடாமல் தினமும் ஈரத்துணி சுற்றி வைத்திருந்தார். அந்தப் பெண்ணின் முதுகைப் பார்த்தால் நமக்கு இடுப்பு வலிக்கும்.

"இன்னும் பத்து நாள் குடுங்க சார். அச்சு எடுத்துட்டா எங்க வேணும்னாலும் தூக்கிட்டுப் போகலாம். இப்ப பச்சை மண்ணு, அசைச்சா விரிசல் விட்டுடும்."

"விழா தேதியை மாத்த முடியுமாம்மா? மந்திரி வர்றாரு. நான் வந்தப்போ இந்த ரூமே இல்ல, தெரியுமா?"

"இங்க எதைக் காட்டப் போறீங்க சார்?"

"கழகத்தோட சரித்திரத்தை."

"இந்தச் சிலையும் அதுல வருமில்ல?"

"முடிஞ்சப்புறம் வரும்மா. முடிஞ்சாத்தானே சரித்திரம்!"

மறுநாள் ஆட்கள் வந்து தூக்கினார்கள். கதவு நிலையைத் தாண்டும்போது சிலை ஒரு பக்கம் சாய்ந்தது. கழுத்தில் விரிசல் ஓடியது. துணி பிடித்திருந்த கை மணிக்கட்டோடு பெயர்ந்து விழுந்தது. அம்மாள் நடைபாதையில் அப்படியே உட்கார்ந்து மண்ணை வாளியில் அள்ளிப் போட ஆரம்பித்தார். நம் ஆள் என்ன செய்தார்? "பார்த்துப்பா, பார்த்து!" என்று பதறினார். சிலைக்காக அல்ல, எதிரே வந்துகொண்டிருந்த முதல் தலைவரின் நாற்காலிக்காக.

கூடம் திறந்தாயிற்று. சுவர் முழுக்கத் தலைவர்கள், ரிப்பன்கள், கைகுலுக்கல்கள். போட்டோக்கள் வெளுத்துவிடும் என்று வடக்கு ஜன்னலைப் பலகை வைத்து அடைத்துவிட்டார்கள். வாசலில் ஒரு பித்தளைத் தகடு: "நமது சிற்பிகள் அழியாப் படைப்புகளை உருவாக்கிய அறை இதுவே." படித்தவர்கள் எல்லாரும் கைதட்டினார்கள். சிற்பி அம்மாள் விழாவுக்கு வரவில்லை. மறுபடி செய்யலாமே என்று பிறகொரு நாள் கேட்டேன். "எந்த வெளிச்சத்துல?" என்றார்.

நல்லவேளை, நாம் இப்படி இல்லை என்று சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் உங்கள் வீட்டு ஹாலில் ஜன்னலோரமாக ஒரு கண்ணாடி அலமாரி இருக்கிறதே, நீங்கள் வாங்கிய கேடயங்களும், நீங்கள் யாரிடமோ அவற்றை வாங்கும் படங்களுமாக, வந்தவர்களை நிற்க வைத்துக் காட்டுவீர்களே, அது வருவதற்கு முன் அங்கே உங்கள் மகளின் மேஜை இருந்தது. அவள் இப்போதும் படம் வரைகிறாளா?