ஆ காட்டுங்க

அத்தனை பற்களும் தரையில் கிடந்தன.

துடைக்கிறேன் பேர்வழி என்று கம்பவுண்டர் பிளாஸ்டிக் தாடையை எடுத்தார், கைநழுவிப் போட்டார். பற்கள் வேரோடு கழன்று, நாலா பக்கமும் ஓடி ஒளிந்துகொண்டன. அந்தத் தாடையைக் காட்டித்தான் பல் டாக்டர் வந்தவர்களைப் பயமுறுத்துவார். பயந்தவன்தானே வாயைக் கொடுப்பான்? தொழில் அவ்வளவுதான்.

"இனி ஒரு சாமான் உடைஞ்சுது, நீ வீட்டுக்குப் போயிடுய்யா" என்று போன வாரம்தான் டாக்டர் சொல்லியிருந்தார். இப்போது அவர் வரும் நேரம்.

கம்பவுண்டர் பொறுக்கினார், அடுக்கினார். முன்பற்கள் நல்ல பிள்ளைகளாக உட்கார்ந்தன. கடைவாய்ப் பற்கள்தான் சண்டித்தனம் செய்தன. ஒரு பல்லுக்கு மூன்று வேர். கீழ்த்தாடை எலும்பிலோ இரண்டே குழி. அது மேல்தாடைப் பல் என்று அந்த மனுஷனுக்கு யார் சொல்வது? மூன்றாவது வேரை அரத்தால் ராவித் தள்ளினார். பல் உட்கார்ந்தது. மேல்தாடையில் அது இருக்க வேண்டிய இடத்துக்கு இரண்டு வேர்ப் பல்தான் மிச்சம்; அது லொடலொடவென்று ஆடியது. பஞ்சை அடைத்தார். மூடிப் பார்த்தால் தாடை கோணிக்கொண்டு இளித்தது.

கண்ணாடியில் தன் வாயைப் பார்த்தார். பார்க்க வேண்டிய இடத்தில் பொக்கை. இதே டாக்டர் பிடுங்கியது.

வெளியே ஓடினார். பெஞ்சில் ஒரு பெரியவர்.

"பெரியவரே, கொஞ்சம் வாயைத் திறங்க."

"எதுக்குத் திறக்கணும்? இந்தா, நீயே வச்சுப் பாரு." பல்செட்டைக் கழற்றிக் கையில் வைத்தார்.

"இதுல வேரே இல்லையே!"

"வேர் இருந்தா நான் ஏன்யா கழட்டித் தர்றேன்?"

பக்கத்தில், மடியில் பெரிய பையோடு ஒருவர். பல்வரிசை பளபளவென்று இருந்தது.

"சார், நான் வந்து…"

"தெரியும், வலி. உள்ள வாங்க."

"அட, இல்லீங்க, டாக்டர்…"

"பேசினா பல்லு மறையுது. ஆ காட்டுங்க. இன்னும் பெருசா!"

ஒரு பல்லைப் பார்ப்பார். ஒரு பல்லைச் செருகுவார். வேலை மளமளவென்று நடந்தது.

"இன்னும் பெருசா!"

டக்.

"போதும் சார், மூடிக்குங்க."

"ஆ."

"விளையாடாதீங்க சார்."

"ஆஆ!"

கம்பவுண்டர் மோவாயைப் பிடித்து மேலே தள்ளினார். வலி தாங்காமல் பையோடு வந்தவர் விட்ட உதையில் மேசை ஆடியது. பிளாஸ்டிக் தாடை மறுபடி தரைக்கு வந்து, இந்தத் தடவை இரண்டாகப் பிளந்தது. கதவு திறந்தது. டாக்டர்.

"யோவ், என்னய்யா பண்ணின இவரை?"

டாக்டர் இரண்டு கட்டைவிரலையும் அவர் வாய்க்குள் விட்டு, கீழ்க் கடைவாய்ப் பற்களை அமுக்கிப் பின்னால் தள்ளினார். டொக்! தாடை மூட்டு தன் குழிக்குள் போய் விழுந்தது.

"ஐயா, வேலையை விட்டு மட்டும் தூக்கிடாதீங்க, புள்ளகுட்டிக்காரன்…" கம்பவுண்டர் உடைந்த தாடையை ஏந்திக்கொண்டு நின்றார்.

பைக்காரர் கன்னத்தைத் தேய்த்தபடி பையைத் திறந்து, உறை பிரிக்காத பிளாஸ்டிக் தாடை ஒன்றை மேசைமேல் வைத்தார்.

"பழசைத் தூக்கிப் போடப்போறேன், புதுசு கொண்டாங்கன்னு டாக்டர்தான் போன் பண்ணாரு. அதைச் சொல்லத்தான்யா வாயைத் திறந்தேன். நீ மூடவே விடல!"