மேஜைக்கு அடியில் பச்சைப் பொட்டலம்

இந்தப் புத்தாண்டுக்கு மாமனார் வீட்டுப் படியை மிதிப்பதில்லை என்று ஆஃபூ சபதம் செய்தான். பல் துலக்கிக்கொண்டே செய்த சபதம். வாய் நிறைய நுரை இருந்ததால் பெண்டாட்டி சூலானின் காதில் விழவில்லை. அதனால்தான் அவனால் அதை முழுசாகச் சொல்லி முடிக்க முடிந்தது.

சீனப் புத்தாண்டின் இரண்டாம் நாள், கட்டிக்கொடுத்த பெண்கள் பிறந்த வீட்டுக்குப் போகும் நாள். அன்றைக்கு அவர்கள் ஊரான தைச்சுங்கின் ரயிலடியில் பார்த்தால் பெண்டாட்டிமார் எல்லாம் சிரித்துக்கொண்டு நிற்பார்கள். புருஷன்மார் எல்லாம் பழக்கூடையோடு நிற்பார்கள். ஆஃபூவுக்குப் பழக்கூடை ஒரு பாரமில்லை. யுவான்லினில் இருக்கும் மாமனாரும் கெட்டவர் இல்லை. மாப்பிள்ளை கம்ப்யூட்டரில் வேலை செய்கிறவன் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. வினை அங்கேதான்.

ஆஃபூவின் தொழில் பிளாஸ்டிக் சாமான்கள் வார்க்கிற அச்சுக்கு வரைபடம் போடுவது. மாமனாருக்கு அந்த நுணுக்கமெல்லாம் வேண்டாம். பிளக் உள்ள எதுவும் கம்ப்யூட்டருக்குச் சொந்தம் என்பது அவர் கட்சி. வருஷம் பூராவும் கெட்டுப்போனதை ஒன்றையும் எறியாமல் அலமாரியில் அடுக்கி வைப்பார். சோறு வேகாத குக்கர், தொண்டை கட்டிய கரோக்கிப் பெட்டி, மச்சினன்மாரின் உடைந்த போன்கள், முதுகு பிடித்துவிடுவதாகச் சொல்லி ஒரு தடவை மாமியாரின் கூந்தலைப் பிடித்துக்கொண்ட மெத்தை. "ஆஃபூ வருவான்" என்ற நம்பிக்கையில்தான் அவையெல்லாம் உயிரை வைத்திருந்தன. போன புத்தாண்டில் ஸ்க்ரூடிரைவரும் கையுமாகத் தரையில் படுத்தவன், ஊருக்குத் திரும்பும்போதுதான் எழுந்தான். மற்றவர்கள் மேலே காய் அடுக்கி மாஜோங் ஆடினார்கள். அவன் முதுகைப் பலகையாக வைத்து ஆடவில்லை, அவ்வளவுதான்.

இந்த வருஷம் நண்பன் பெங் ஒரு மாற்று வழி சொல்லியிருந்தான். ஊர்க்கோடியில் ஓர் இறால் குளம். தகரக் கொட்டகைக்குள் பெரிய தொட்டி. தூண்டிலை வாடகைக்கு எடுத்துக்கொண்டு உட்கார வேண்டியது. மாட்டுகிற இறாலை அங்கேயே உப்புத் தடவிச் சுட்டுத் தின்ன வேண்டியது. யாரும் யாரோடும் பேசுவதில்லை. முக்கியமாக, இறாலுக்குப் பிளக் கிடையாது.

போகாமல் தப்பிக்க ஒரு சாக்கு வேண்டும். சாக்கு அவன் மேஜைமேலேயே உட்கார்ந்திருந்தது.

அது ஒரு லேப்டாப். வெறும் லேப்டாப் என்று சொன்னால் ஆஃபூவுக்குக் கோபம் வரும். ஒர்க்ஸ்டேஷன் என்று சொல்ல வேண்டும். பெரிய ஆபீஸ்களில் மேஜைக்கடியில் ஆளுயரத்துக்கு நிற்குமே கம்ப்யூட்டர், அதைப் பிடித்து அமுக்கி மடித்துக் கைப்பிடி வைத்தது. போன மாசம் நிலநடுக்கம் வந்தபோது வீட்டில் விளக்கு ஆடியது, அலமாரி ஆடியது, ஆஃபூவே ஆடினான்; இது இருந்த மேஜை மட்டும் ஆடவில்லை. கனமான படம் ஒன்றைத் திறந்தால் உள்ளே இருக்கிற விசிறி போடுகிற சத்தத்தில் எதிர்வீட்டு மாடியில் புறா பறக்கும். சார்ஜர் செங்கல் சைஸ். கடுகுக்கீரை ஊறுகாய் போடும்போது சூலான் அதைத்தான் ஜாடிமேல் பாரமாக வைத்திருந்தாள்.

வாங்குவதற்கு முன்னால் அவளைச் சம்மதிக்க வைத்த பேச்சு இப்போது அவனுக்கே கசந்தது.

"எங்க வேணாலும் எடுத்துட்டுப் போகலாம் சூலான். அதுக்குப் பேரே அதுதான். உங்கப்பா வீட்டுக்குப் போனாக்கூட அங்க உக்காந்து வேலை பாக்கலாம்."

"எங்கப்பா வீட்டுக்கா? நீயா சொல்றே?"

"நான்தான் சொல்றேன்."

"அப்ப வாங்கு," என்றாள். காலைச் சிற்றுண்டிக் கடை நடத்துகிறவள். முட்டை ரொட்டியைத் திருப்பிப் போட்டுக்கொண்டே சொன்ன வார்த்தை. ஆனால் எந்த வார்த்தையையும் கீழே போட மாட்டாள்.

ஆகவே 'வேலை இருக்கிறது, வர முடியாது' என்று சொல்ல வழியில்லை. மெஷினைத் தூக்கிக்கொண்டு வா என்பாள். மெஷினுக்கே உடம்புக்கு வர வேண்டும். தூக்கினால் ஆகாது என்கிற மாதிரி உடம்பு.

ஆஃபூ ஒரு நீலக்கட்டம் போட்ட கைக்குட்டையைச் சுருட்டி, மெஷினின் பின்பக்கம் சூட்டுக்காற்று வெளியே வருகிற துவாரத்தில் அடைத்தான். பெரிய படம் ஒன்றைத் திறந்தான். விசிறி கத்தியது, முனகியது, விக்கியது. காபி ஆறுவதற்குள் திரை கறுத்து மெஷின் படுத்துவிட்டது. நாடகம் பிரமாதம்.

ஒன்று பாக்கி. அந்த ஊரில் மெஷின் வைத்திருக்கிறவன் எவனும் அதன்மேல் ஒரு பச்சைப் பொட்டலம் வைக்காமல் இருக்க மாட்டான். தேங்காய் வாசனைச் சோளப்பொரி. சமர்த்தாக இரு என்பதுதான் அதன் பெயரே. பாங்கியிலும் பார்க்கலாம், ஆஸ்பத்திரியிலும் பார்க்கலாம். பச்சையாகத்தான் இருக்க வேண்டும்; மஞ்சளும் சிவப்பும் ஆகாது. பிரிக்கக் கூடாது. தேதி முடிந்திருக்கக் கூடாது. இந்த மூன்றில் ஒன்று தப்பினாலும் மெஷின் மக்கர் பண்ணும். நம்பவில்லை என்று சொல்கிறவன்கூட ஒன்று வாங்கி வைத்துவிட்டுத்தான் அதைச் சொல்வான்.

ஆஃபூ யோசித்தான். புதுப் பொட்டலம் மேலே இருக்கும்போது மெஷின் கெட்டது என்றால் யார் நம்புவார்கள்? அலமாரிக்குள் தேடித் தேதி முடிந்த பழைய பொட்டலம் ஒன்றை எடுத்து மேலே வைத்தான். வைத்த கையோடு அவனுக்கே ஒரு சந்தேகம் வந்தது. டிபன் டப்பா மூடிக்கான படம் உள்ளே இருக்கிறது. விடுமுறை முடிந்து தொழிற்சாலை திறக்கிற அன்று கொடுத்தாக வேண்டும். விளையாட்டு வினையாகிவிட்டால்? புதுப் பொட்டலத்தை எடுத்தான். மெஷினுக்கு நேர் கீழே, மேஜைப் பலகையின் அடிப்பக்கத்தில் டேப் போட்டு ஒட்டினான். மேலே பொய், கீழே மெய். இப்போதுதான் மூச்சு வந்தது.

"சூலான்! வந்து பாரேன் இந்த அநியாயத்தை!"

சூலான் புத்தாண்டுக்கு வீடு துடைத்துக்கொண்டிருந்தாள். ஈரத்துணியோடு வந்தாள்.

"என்ன?"

"படுத்துடுச்சு. தொட்டுப் பாரு, கொதிக்குது."

தொட்டாள். "என் ரொட்டிக்கல் பரவாயில்ல. ஏன் இப்படி?"

"அதான் தெரியல. டிரைவர் மாத்திப் பாத்தேன். பேட்டரியக் கழட்டிப் பாத்தேன். அப்புறம்தான் இதைப் பாத்தேன்." பொட்டலத்தின் தேதியைக் காட்டினான். குரலைத் தாழ்த்தினான். "முடிஞ்சு போச்சு."

"அடப்பாவி. நீயா இப்படி விட்டே? அரிசி தீர்ந்தாலும் இதை விட மாட்டியே?"

"வேலை மும்முரம்."

"சரி, மெக்கானிக்கக் கூப்பிடு."

"புத்தாண்டுக்கு எவன் கடை திறப்பான்? பெங் வந்து பாக்கறேன்னிருக்கான்."

"அப்ப யுவான்லினுக்குத் தூக்கிட்டு வா. எங்க வேணாலும் தூக்கிட்டுப் போகலாம்னியே."

"நல்லா இருக்கிற மெஷினைத் தூக்கலாம். சுகமில்லாததைத் தூக்கலாமா? ரயில்ல குலுங்கினா உள்ள இருக்கிற படமெல்லாம் போயிடும். மூடி போயிடும். அந்தப் பார்ட்டியே போயிடும்!"

சூலான் அவனைப் பார்த்தாள். மெஷினைப் பார்த்தாள். பிறகு, "நகரு, அடியில துடைக்கணும்," என்று குனிந்தாள்.

"அங்க சுத்தமாத்தான் இருக்கு!"

"பெருக்கிற நாள்ல பெருக்காம, புது வருஷம் பொறந்தப்புறம் பெருக்கி அதிர்ஷ்டத்தையும் சேத்துத் தள்ளவா? காலைத் தூக்கு."

மேஜைக்கடியில் போனாள். ஆஃபூ இரண்டு காலையும் நாற்காலிமேல் தூக்கி வைத்துக்கொண்டு, தேர்வு முடிவுக்குக் காத்திருக்கும் பையன்போல் உட்கார்ந்திருந்தான். துணி தேய்க்கிற சத்தம். சத்தம் நின்றது. மறுபடியும் தேய்க்கிற சத்தம். வெளியே வந்தாள்.

"ஏதாவது...?"

"தூசி," என்றாள். துணியை உதறினாள். "பாவம், நீ இரு. நான் மட்டும் போய்ட்டு வரேன்."

இவ்வளவு சுலபமாக முடியும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. தயாராக வைத்திருந்த இருமல்கூட வீணாகிவிட்டது.

இரண்டாம் நாள் காலையில் சூலான் பழக்கூடையைத் தானே தூக்கிக்கொண்டு கிளம்பினாள். வாசலில் திரும்பி, "மெஷினைத் தனியா விட்டுட்டு எங்கயும் போயிடாதே," என்றாள்.

"பக்கத்துலயே இருப்பேன்."

அவள் தெருமுனை திரும்பியதும் ஆஃபூ தொப்பியைப் போட்டுக்கொண்டான். கைக்குட்டையை எடுத்துவிடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. மெஷின்தான் ஓடவில்லையே, வந்து பார்த்துக்கொள்ளலாம். கதவைப் பூட்டினான்.

இறால் குளத்தில் பெங் ஏற்கெனவே தூண்டில் போட்டிருந்தான். ஆஃபூ பக்கத்தில் உட்கார்ந்தான். அப்படி ஒரு நிம்மதியை அவன் கல்யாணத்துக்கு அப்புறம் கண்டதில்லை. தண்ணீர் சும்மா இருந்தது. பெங் சும்மா இருந்தான். மதியத்துக்குள் முதல் இறால் மாட்டியது. கொடுக்கு நீண்ட, மீசை முறுக்கிய இறால். அதைக் கொக்கியிலிருந்து கழற்றிக்கொண்டிருக்கும்போது முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்.

"நல்ல சைஸா இருக்கே ஆஃபூ!"

மாமனார். அவருக்குப் பின்னால் மூன்று மச்சினன்மார். அவர்களுக்குப் பின்னால் பெண்டாட்டி பிள்ளைகள். ஆளுக்கொரு துணிப்பை. எல்லோருக்கும் பின்னால், தோளில் பெரிய பை தொங்க, சூலான்.

இறால் துள்ளித் தண்ணீருக்குள் விழுந்தது. அதற்கு யோகம்.

"நீங்க எப்படி மாமா இங்க..."

"சூலான்தான் சொன்னா. மாப்பிள்ளை வர முடியலேன்னா நாமதான் போகணும், வாங்க இறால் பிடிக்கலாம்னு. ஏம்பா, மெஷின் சுகமில்லேன்னு வீட்ல கிடக்கியாமே?"

ஆஃபூ பெங்கைப் பார்த்தான். பெங் தண்ணீரைப் பார்த்தான்.

"பெங்கோட பெண்டாட்டி முட்டை ரொட்டி வாங்க வந்தா," என்றாள் சூலான். "ரெண்டு தூண்டிலுக்குச் சொல்லி வெச்சிருக்காங்கன்னா. பேச்சுவாக்குல."

ஆஃபூ சுதாரித்துக்கொண்டான். "ஆமா மாமா. கொதிக்குது. ஆறப் போட்டிருக்கேன். ஆறுற வரைக்கும் கிட்ட உக்காந்திருந்தா என் சூடும் சேந்துக்கும் பாருங்க. அதான் பெங் கூட்டிட்டு வந்தான், மெஷினைப் பத்திப் பேசறதுக்கு."

"அதுவும் சரிதான்," என்றார் மாமனார். நல்ல மனுஷர், நம்பிவிட்டார். "பாவம், லீவு நாள்லயும் இவனுக்கு இதே கவலை." மச்சினன்மார் தலையாட்டினார்கள். ஒருவன் தூண்டில் எடுக்கக் கிளம்பினான். கரையேறிவிட்டோம் என்று ஆஃபூ நினைத்தான்.

சூலான் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். "பசிக்குது," என்று கைப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். பச்சைப் பொட்டலம். மூலையில் டேப் தொங்கியது. வாயைப் பிடித்துக் கிழிக்கப்போனாள்.

"ஏய், ஏய்! அதைப் பிரிக்காதே!" கொட்டகையே திரும்பிப் பார்த்தது.

"ஏன்?"

"அது மெஷினோடது!"

"மெஷினோடது மேல இருக்கே. தேதி முடிஞ்சது. நீதானே காட்டினே?"

"அது சும்மா மேல வெச்சது. இதுதான் நிஜமா காவலுக்கு..."

பாதியில் நிறுத்தினான். ஆனால் வேண்டிய பாதி வெளியே வந்துவிட்டது.

மாமனார் புருவத்தைச் சுருக்கினார். "இரு. மேல பழசு. கீழ புதுசு. மெஷின்தான் ஏற்கெனவே கெட்டுப் போச்சே, அதுக்கு எதுக்குப்பா காவல்?"

"நிஜமாவே கெட்டுப் போயிடக் கூடாதேன்னுதான் மாமா," என்றான் ஆஃபூ. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்குக் கேட்டது.

பெங் தன் ஸ்டூலை மெதுவாக அந்தப் பக்கம் நகர்த்திக்கொண்டான்.

சூலான் பொட்டலத்தைக் கிழித்தாள். ஒரு பொரியை வாயில் போட்டுக் கொறித்தாள். அந்தக் கறுக்மொறுக் ஒவ்வொன்றும் ஆஃபூவின் நெஞ்சில் விழுந்தது. பிறகு தோளிலிருந்த பெரிய பையை இறக்கினாள். உள்ளே இருந்து, வரும் வழியில் வீட்டைத் திறந்து எடுத்து வந்த ஒர்க்ஸ்டேஷன் வந்தது. செங்கல் சார்ஜர் வந்தது. இறால் சுடுகிற மேஜைமேல் வைத்துப் பொத்தானை அமுக்கினாள்.

ஆஃபூ கண்ணை மூடிக்கொண்டான். பொட்டலம் பிரிந்த மெஷின், குலுங்கி வந்த மெஷின். கெட்டுப் போயிருந்தால் படம் போச்சு. நல்லா இருந்தால் மானம் போச்சு. எதை வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் வேண்டிக்கொண்டான்.

விசிறி குளுகுளுவென்று ஓடியது. டிபன் டப்பா மூடி திரையில் பளிச்சென்று வந்தது.

"பிழைச்சுடுச்சே!" என்று மாமனாருக்கு மெய்யான சந்தோஷம். "இனி உனக்குக் கவலை இல்ல. கையும் சும்மா இருக்கு." துணிப்பையை அவிழ்த்து மேஜைமேல் கவிழ்த்தார். கரோக்கிப் பெட்டி, போன்கள், ஒரு தலைமுடி உலர்த்தி. மச்சினன் குக்கரைத் தூக்கி வைத்தான். "பிளக்குக்கும் இங்கயே இடம் இருக்கு. காத்தோட்டமா இருக்கு. நீ பாரு, நாங்க இறால் பிடிக்கறோம். அடுத்த வருஷமும் இங்கயே வெச்சுக்கலாம்," என்று ஆஃபூவின் தூண்டிலை எடுத்துக்கொண்டு அவன் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

சூலான் கைப்பையிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்து நீட்டினாள். நீலக்கட்டம் போட்டது.

"இறால் தொட்ட கை," என்றாள். "துடைச்சுக்கிட்டு ஆரம்பி."