டர்போவும் தாலி கட்டும் நேரமும்

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே எந்த மெஷினையும் நிம்மதியாக ஓடவிடாத மனிதர் ஒருவர் உண்டென்றால், அது டர்போதான். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு பக்கம் கல்யாண வீடியோ எடிட்டிங் கடை வைத்திருந்தார். பக்கத்துக் கடையில் நான் டிடிபி டைப் அடித்துக்கொண்டிருந்தேன். போன ஜென்மத்துப் பாவம், வேறென்ன சொல்ல?

ஃபேன் ரெகுலேட்டரைப் பிடுங்கி எறிந்தவர் அவர். மொபெட்டின் சைலன்சரைக் குடைந்தார். சத்தம் மட்டும்தான் கூடியது, சைக்கிள்காரர்கள் முந்திக்கொண்டு போனார்கள். வீட்டு மிக்சியின் மோட்டாரை மாற்றியதில், மல்லாட்டை என்கிற வேர்க்கடலைச் சட்னியை அவர் மனைவி சீலிங்கிலிருந்துதான் வழித்தெடுத்தார்.

இப்படிப்பட்டவர் கையில் கம்ப்யூட்டர் கிடைத்தால் சும்மா விடுவாரா? கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் முடுக்கி ஓட்டுவதற்கு ஓவர்கிளாக் என்று பெயர்.

"கம்பெனிக்காரன் பயந்தாங்கொள்ளி தம்பி. பாதி ஸ்பீட ஒளிச்சி வெச்சிக்கினு விக்கிறான்" என்பார்.

ப்ராசஸர் உசத்தி, கிராபிக்ஸ் கார்டு உசத்தி. பெட்டியின் பக்கவாட்டில் கண்ணாடி, உள்ளே கலர் லைட். இத்தனைக்கும் கரண்ட் கொடுக்க வேண்டிய பவர் சப்ளை மட்டும் கேபினெட்டோடு இனாமாக வந்தது. அதன்மேல் 'ஆயிரம் வாட்ஸ்' என்று ஒரு ஸ்டிக்கர். ஒருநாள் கழற்றிக் கையில் கொடுத்தார். பொரி பாக்கெட் கனம்கூட இல்லை.

"அண்ணே, ஸ்பீட ஏத்தினா கரண்டையும் கூட இழுக்கும். ப்ராசஸர் எவ்ளோ இழுக்குது, கார்டு எவ்ளோ இழுக்குதுன்னு கூட்டிப் பாத்து, அதுக்கு மேல கொஞ்சம் தாராளமா, நல்லதா ஒண்ணு வாங்குங்க."

"ஆயிரம்னு போட்டுக்கீதே, கண்ணு தெரியல? தவிர, அது உள்ள கீற டப்பா. அத்த யாரு பாக்கப் போறா?"

ஸ்டிக்கரை நம்பி வாழ்ந்த ஒரே கம்ப்யூட்டர் நிபுணர் அவராகத்தான் இருப்பார்.

டர்போவின் வீடியோவில் தாலி கட்டும் நேரம் வந்தால் போதும். பூமழை, புறா, இதயம், தங்கத்தூள் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிவிடுவார். மெஷின் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதுவரை வரும். மாப்பிள்ளை தாலியை எடுத்ததும் அந்த இனாம் பவர் சப்ளை கைவிரித்துவிடும், 'டப்'. எல்லாம் இருட்டு. மறுபடி முகூர்த்தக்காலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

பழி முதலில் கரண்ட் ஆபீஸ் மேல் போனது. பிறகு வளவனூரிலிருந்து வந்த ஒரு கல்யாணப் பெண்ணின் அப்பாவிடமே, "முகூர்த்தத்துல ஏதாச்சும் கோளாறாங்க?" என்று கேட்டு அடிவாங்கப் பார்த்தார். கடைசியில் கண் திருஷ்டி என்று முடிவு செய்து, அமாவாசைக்கு மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போய் எலுமிச்சம்பழம் கொண்டுவந்தார். அதைச் சரியாக மெஷினில் காற்று போகிற ஓட்டையின் மேல் கட்டினார்.

இந்த மகானிடம்தான் என் தங்கையின் கல்யாண வீடியோ மாட்டியது. மச்சான் பட்டாளத்துக்காரர். லீவு முடிந்து அன்று சாயங்காலம் விழுப்புரத்தில் ரயில் ஏறுகிறார். அவர் கையோடு வீடியோவைக் கொடுத்தனுப்ப வேண்டும் என்று தங்கை கடையிலேயே உட்கார்ந்திருந்தாள். திரையில் மச்சான் தாலியை எடுத்தார். டப். மறுபடி எடுத்தார். டப். தங்கை பிளாஸ்டிக் சேரில் குனிந்து தேம்ப ஆரம்பித்துவிட்டாள்.

"உங்க ஸ்பீடக் கொண்டுபோயி குப்பையில போடுங்கண்ணே!" என்று கத்தினேன்.

டர்போ அவளையே பார்த்தார். பிறகு எலுமிச்சம்பழத்தின் கயிற்றை அறுத்துப் போட்டுவிட்டு, செட்டிங்ஸுக்குள் போய், ஏற்றி வைத்த வேகத்தையெல்லாம் இறக்கினார். மீசையை எடுக்கச் சொன்னது போல் முகம் சுருங்கியிருந்தது.

"அழுவாதம்மா. இந்த ஒரு தபா மெதுவாவே போவலாம்."

"பூவையும் கொஞ்சம் கொறைங்கண்ணே" என்றேன்.

"ஐய, அது மட்டும் முடியாது. எந் தங்கச்சி கல்யாணம்."

மெஷின் நத்தையாக நகர்ந்தது. தாலி நேரம் வந்தது. பூ கொட்டியது, புறா பறந்தது, இருட்டாகவில்லை. டர்போ கண்ணை மூடிக் கைகூப்பி நின்றார். அந்தச் சத்த மொபெட்டில் அவரேதான் விழுப்புரம் ஜங்ஷனுக்குப் பறந்தார். பிளாட்பாரத்தில் மூச்சிரைக்க மச்சானிடம் பென்டிரைவைக் கொடுத்து, "ஃபுல் ஓவர்கிளாக்குல பண்ணது மாப்ள!" என்று புளுகினாராம். மச்சான் இன்றுவரை அதை நம்பிக்கொண்டிருக்கிறார்.

அப்புறம் ஒருவழியாக எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து, செங்கல் கனத்தில் ஒரு பவர் சப்ளை வாங்கினார். அதை என் கையில் வைத்து, ஏதோ அவரே கண்டுபிடித்தது போல, "உள்ள கீறதுதான் தம்பி முக்கியம்" என்று எனக்கே பாடம் எடுத்தார்.

இப்போது நான் விழுப்புரம் வந்துவிட்டேன். திண்டிவனம் பக்கம் போனால் அந்தக் கடைக்குள் தலையை நீட்டி நாலு திட்டு திட்டிவிட்டுத்தான் திரும்புகிறேன். கடை பூட்டியிருந்தால், அவர் வரும்வரை எதிரில் டீ குடித்துக்கொண்டு காத்திருப்பேன்.