கேட் பாஸ் இல்லாத கிட்னி

ஒன்று புள்ளி இரண்டில் நின்ற கிரியாட்டினின் எண் ஒன்று புள்ளி ஏழுக்கு ஏறியிருந்தது. டாக்டர் ரத்தப் பரிசோதனைக் காகிதத்தை மேசையில் வைத்துவிட்டு எதிரே இருந்த வாட்ச்மேனைப் பார்த்தார்.

"மாத்திரை ஒழுங்கா போடறீங்களா?"

"ஒரு வேளை தவறல சார். வீட்டுக்காரி விடமாட்டா."

டாக்டர் அவருக்குப் புரிகிற மாதிரி சொன்னார். உடம்புக்குள் ஒரு காவல் இருக்கிறது. வெளியாள் வந்தால் அடித்து விரட்டுவது அதன் வேலை. கெடுக்க வந்த கிருமிக்கும் காப்பாற்ற வந்த கிட்னிக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. மாத்திரை கொடுத்து அரைத் தூக்கத்தில் வைத்திருக்கிறோம். இப்போது முழித்துக்கொண்டு கிட்னியோடு வம்பு பண்ணுகிறது போலிருக்கிறது. ஒரு வாரம் பார்க்கலாம், இன்னும் ஏறினால் ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டியதுதான்.

அந்தக் காவல்காரன் யாரென்று வாட்ச்மேனுக்குத் தெரியும்.

அட்டைப்பெட்டி கம்பெனி வாசலில் இருபத்திரண்டு வருடமாக நிற்கிறவர் அவர். கம்பெனியில் வைத்த பேர் 'கேட் பாஸ்'. முதலாளி மகளையே வெயிலில் நிறுத்தியிருக்கிறார். தீயணைக்க வந்த வண்டியிடம் பாஸ் கேட்டிருக்கிறார். போன வாரம்கூட ஒரு சிவப்பு ஹெல்மெட் பார்சல்காரனை மூன்று நாள் வாயைத் திறக்கவிடாமல் திருப்பி அனுப்பினார். இப்பேர்ப்பட்ட ஆளின் உடம்பு வேறு எப்படி இருக்கும்?

அதுவும் யாருடைய கிட்னி? அதே கம்பெனி கேன்டீனில் வேலை பார்க்கும் மனைவி, ஒன்றரை வருடத்துக்கு முன்னால் அறுத்துக் கொடுத்தது.

"நீ குடுத்ததையே பாஸ் கேட்டு நிறுத்தியிருக்கேன்டி," என்றார் அவளிடம்.

எண்ணைக் கேட்டதும் அவள் முகம் வெளிறியது. மாத்திரை டப்பாவைச் சட்டென்று மூடினாள். "எல்லாம் சீக்கிரம் சரியாயிடுங்க," என்றாள். மாத்திரைப் பொறுப்பு முழுக்க அவளுடையது. வேளை தவறாமல் வாசலுக்கு வந்து வாயில் போட்டுத் தண்ணீரும் ஊற்றிவிட்டுப் போவாள். அப்போதும் அவர் கண் ரோட்டில்தான் இருக்கும். வாய் மட்டும் திறக்கும்.

அவர் ஒரு முடிவுக்கு வந்தார். வெளியே இருக்கிற காவல்காரன் திருந்தினால்தான் உள்ளே இருக்கிறவன் திருந்துவான். ஒரு வாரத்துக்கு யாரையும் தடுப்பதில்லை.

மறுநாள் கேட்டின் இரண்டு கதவும் விரியத் திறந்தன. இன்சூரன்ஸ் ஏஜென்ட் போனார். கத்தி சாணை பிடிக்கிறவர் போனார். சிவப்பு ஹெல்மெட் தயங்கி நின்றான். "போப்பா, போ" என்று அவரே கையசைத்தார். அவன் பின்னாலேயே ஒரு நாயும் போனது. மத்தியானம் கேன்டீனில் வேலைக்காரர்களுக்குச் சாப்பாடு பற்றவில்லை.

மேனேஜர் கூப்பிட்டுக் கத்தினார். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று கணக்கு வேண்டாமா?

சரி, கேட்போம் என்று வாட்ச்மேன் வெளியே போகிறவர்களிடம் பாஸ் கேட்க ஆரம்பித்தார். உள்ளே வந்ததற்கு அத்தாட்சி இல்லாத ஆளை எப்படி வெளியே விடுவது? சாயங்காலம் வாசலில் பதினேழு பேர் அடைபட்டு நின்றார்கள். அதில் ஒருவர் மேனேஜரின் மாமனார்.

அடுத்த நாள் அதற்கும் வழி கண்டுபிடித்தார். வருகிறவர் கையில் எல்லாம் கேட்காமலே ஒரு பாஸ் எழுதிக் கொடுத்தார். பாஸ் வைத்திருந்தவர்களைப் புது ஆட்கள் என்று நினைத்த சூப்பர்வைசர், அவர்களைப் பசை ஒட்டும் மேசையில் உட்கார வைத்துவிட்டார். இன்சூரன்ஸ் ஏஜென்ட் மத்தியானத்துக்குள் நாற்பது பெட்டி ஒட்டினார். நாற்பதும் தலைகீழ்.

இன்னொரு நாள் இப்படி நடந்தால் வேலை போய்விடும் என்றார் மேனேஜர். வேலை போனால் போகட்டும், கிட்னி போனால் வருமா? வாட்ச்மேன் அசையவில்லை.

கம்பெனியில் அவர் பக்கம் நின்றது ஒரே ஆள். திறந்த முதல் நாளிலிருந்தே மனைவியின் முகம் தெளிந்துவிட்டது. மாத்திரை போட வரும்போது தானாகச் சிரித்தாள்.

"கேட்டைத் தொறந்தது ரொம்ப நல்லதுங்க. இதை முன்னாடியே செஞ்சிருக்கலாம்."

வாரக் கடைசியில் மறுபடி ரத்தம் எடுத்தார்கள். ஒன்று புள்ளி இரண்டு.

டாக்டருக்கே ஆச்சரியம். வாட்ச்மேனுக்கு இல்லை. உள்ளே இருப்பவனைத் திருத்திவிட்ட நிம்மதியில், அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் வயிற்றைத் தடவிக்கொண்டே நடந்தார். மேனேஜரிடம் மன்னிப்புக் கேட்டார். திங்கட்கிழமை முகம் மழித்து, தொப்பியைச் சரிசெய்து, கேட்டைச் சங்கிலி போட்டுப் பூட்டினார். கம்பெனி பழைய கம்பெனி ஆனது. நாய்க்குக்கூட அனுமதி இல்லை.

மூன்று வாரம் கழித்து சிவப்பு ஹெல்மெட் வந்து நின்றான். கையில் அதே மாதிரி ஒரு பார்சல்.

"கேட் பாஸ்?" என்றார் வாட்ச்மேன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

அவன் இந்தத் தடவை விடவில்லை. கம்பிக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு கெஞ்சினான்.

"அண்ணே, போன தடவையும் இப்படித்தான் மூணு நாள் திருப்பி அனுப்பினீங்க, பாவம் அந்தக் கேன்டீன் அக்கா, ஆஸ்பத்திரி மாத்திரை வந்து சேராம, அவங்க வீட்டுக்காரர் கிட்னிக்குப் போடுறதைப் பாதி பாதியா உடைச்சுக் குடுத்துக்கிட்டு இருந்தாங்களாம்."